குழந்தையின் மனச்சோர்வுக்கு விளையாட்டு சிகிச்சை: பெற்றோர் அறைக்கு உள்ளேயா, வெளியேயா?

ஐந்து வயதுப் பிள்ளை. வாரக்கணக்கில் முகத்தில் சிரிப்பில்லை. பிடித்த கார்ட்டூனைப் போட்டாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறது. காலையில் வயிற்று வலி, சாயங்காலம் எதற்கெடுத்தாலும் எரிச்சல். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, திருஷ்டியும் கழித்தாயிற்று. குழந்தை டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, “உடம்புல ஒண்ணும் இல்லை, ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்க” என்கிறார். அங்கே போனால் “ப்ளே தெரபி கொடுக்கலாம்” என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ “விளையாடுறதுக்கு எதுக்குக் காசு? தானா சரியாயிடும்” என்கிறார்கள். இன்னொரு டாக்டர் மாத்திரை பற்றிப் பேசுகிறார். இந்த நிலையில் நிற்கும் அம்மா அப்பாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று முதல் ஆறேழு வயது வரை உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு என்றால் விளையாட்டு வழியாகப் போவதுதான் சரி. ஆனால் பெற்றோரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நடக்கும் விளையாட்டை விட, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு நடக்கும் விளையாட்டுக்கே என் ஓட்டு. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போதாது. அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், என்றால் முதலில் போக வேண்டிய இடமே வேறு.

இத்தனை சின்னப் பிள்ளைக்கு மனச்சோர்வு வருமா என்று பலரும் கேட்பார்கள். வரும். மூன்று வயதிலேயே கண்டறிய முடியும் என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் ஜோன் லூபி பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பெரியவர்களைப் போல “மனசு சரியில்லை” என்று பிள்ளை சொல்லாது. சோகத்தைவிட எரிச்சல்தான் முன்னால் தெரியும். சாப்பாடும் தூக்கமும் மாறும். எல்லாவற்றையும் விட, விளையாட்டில் சந்தோஷம் போய்விடும். பொம்மையை எடுக்கும், வைக்கும், அப்படியே விட்டுவிடும். இல்லையென்றால் அதன் கதையில் பொம்மைக்கு ஜுரம் வரும், பொம்மை செத்துப் போகும், யாருமே காப்பாற்ற வர மாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் சில நேரம் இப்படி விளையாடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இப்படித்தான் என்றால் ஆலோசனை கேட்டே ஆக வேண்டும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

பிள்ளையும் தெரபிஸ்டும் மட்டும்

ப்ளே தெரபி என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் எழுதிய புத்தகத்தில் வகுத்த முறை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் சிந்தனையைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றியவர் அவர். பிள்ளைதான் வழி காட்டும், தெரபிஸ்ட் பின்னால் போவார். அறையில் ஒரு மணல் தட்டு, குடும்பப் பொம்மைகள், சொப்பு சாமான், டாக்டர் செட், களிமண், கைப்பொம்மைகள், ஒரு பிளாஸ்டிக் கத்தி, ஒரு டிரம் இருக்கும். செல்போன் இருக்காது, சாவி கொடுத்தால் தானே ஓடும் பொம்மையும் இருக்காது. வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய.

உள்ளே என்ன நடக்கும்? பிள்ளை அப்பா பொம்மையை எடுத்து மணலுக்குள் புதைக்கிறது என்று வையுங்கள். “ஏன் அப்பாவைப் புதைக்கிறே?” என்று தெரபிஸ்ட் கேட்க மாட்டார். “அப்பா உள்ளே போயிட்டார். இப்போ அவரை யாராலயும் பார்க்க முடியாது” என்பார், அவ்வளவுதான். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். தான் செய்ததை ஒரு பெரியவர் பார்த்தார், திட்டவில்லை, பதறவும் இல்லை என்பது அதற்குப் புரியும். அடுத்த வாரம் அதே பொம்மையைத் தோண்டி எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். டிரம்மைத் தூக்கித் தெரபிஸ்ட் மேல் எறிய வந்தால் மட்டும் தடுப்பார்: “உனக்கு என் மேல கோபம். நான் அடிக்கிறதுக்கு இல்லை. அந்தத் தலையணையை அடிக்கலாம்.” உணர்வுக்குத் தடையில்லை, செயலுக்கு மட்டும் எல்லை உண்டு.

இந்த முறையின் பலம், வீட்டில் சொல்ல முடியாததைப் பிள்ளை வெளியே கொண்டுவர முடிகிறது என்பதுதான். தாத்தா பாட்டியில் ஒருவரின் மரணம், அம்மா அப்பா பிரிவு, அடி, ஆஸ்பத்திரி வாசம் என்று ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்குப் பிறகு சுருண்டு போன பிள்ளைக்கு இது நல்ல இடம். வீட்டுக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருக்கிறது, பெற்றோர் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார முடியாது என்றால் அப்போதும் இதுதான் பொருந்தும்.

ஆதாரம் எப்படி இருக்கிறது? ஆய்வாளர் ஸூ பிராட்டன் குழுவினர் 2005-ல் 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளையாட்டு சிகிச்சை பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிடத் தெளிவாகவே மேம்பட்டிருந்தார்கள். பலன் அளவு 0.80, உளவியல் சிகிச்சையில் இதைப் பெரிய அளவு என்பார்கள். 2015-ல் பிள்ளையே வழிநடத்தும் முறையை மட்டும் எடுத்து 52 ஆய்வுகளைத் தொகுத்தபோது அது 0.47 ஆக, நடுத்தர அளவாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பல, சிறிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்து நடந்தவை. அடம், பயம், பள்ளியில் ஒட்டாமை என்று பல பிரச்சினைகள் அவற்றில் கலந்திருந்தன. மனச்சோர்வு என்று முறையாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகள் கொஞ்சம்தான். ஆகவே, பலன் உண்டு என்று நம்பிப் போகலாம், மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் மட்டும் நம்ப வேண்டாம்.

பெற்றோரும் உள்ளே

2005-ன் அதே தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறொன்று. சிகிச்சையைத் தொழில்முறை தெரபிஸ்ட் நடத்திய ஆய்வுகளில் பலன் அளவு 0.72. பயிற்சி பெற்ற பெற்றோரே நடத்தியவற்றில் 1.15. பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதி 1960களில் தொடங்கி வைத்த முறை இது. தெரபிஸ்ட் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுப்பார்; பெற்றோர் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வீட்டில் பிள்ளையோடு அந்த விதத்தில் விளையாடுவார்கள்; நடந்ததைத் தெரபிஸ்டிடம் கொண்டுவந்து பேசுவார்கள். பின்னாளில் கேரி லாண்ட்ரெத்தும் பிராட்டனும் இதைப் பத்து வகுப்புகளுக்குள் சுருக்கிக் கொடுத்தார்கள்.

மனச்சோர்வுக்கென்றே செய்யப்பட்டது லூபியின் வேலை. ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை சிகிச்சை முறையை எடுத்து, உணர்வுகளைக் கையாளக் கற்றுத்தரும் பகுதி ஒன்றை அதில் சேர்த்தார். மூன்று முதல் ஆறு வயது வரையிலான, மனச்சோர்வு கண்டறியப்பட்ட 229 பிள்ளைகள், 18 வாரம். முடிவு 2018-ல் வெளிவந்தது. சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் நோயும் அதன் கடுமையும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்திருந்தது. ஒப்பிட்டது காத்திருந்தவர்களோடுதான், ஆக்ஸ்லைன் முறையோடு அல்ல. ஆனாலும் இந்த வயதில் இந்த நோய்க்கு இவ்வளவு நேரடியான சான்று வேறு முறைக்கு இல்லை.

இதில் தெரபிஸ்ட் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார். அம்மாவின் காதில் ஒரு சின்னக் கருவி. அதன் வழியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அறையில் ஒரு பரிசுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறு, இப்போ பிரிக்கக் கூடாது” என்பார்கள். பிள்ளைக்கு எரிச்சல் வரும், அழுகை வரும். வர வேண்டும் என்றுதான் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அம்மா என்ன சொல்கிறார், எப்படிச் சமாதானம் செய்கிறார் என்பதுதான் பாடம். பிள்ளை கவலைப்படும் நேரத்தில் கூட இருப்பது எப்படி என்பதை அம்மா அங்கேயே, அந்த நிமிடத்திலேயே பழகிக்கொள்கிறார்.

நம் வீடுகளுக்கு இது மிகவும் தேவை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளையோடு விளையாட உட்கார்ந்தால் பத்து நொடியில் நாம் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுகிறோம். “இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு பார்க்கலாம். இங்கிலீஷ்ல சொல்லு. யானையை யாராவது பச்சைல வரைவாங்களா?” அன்பில்தான் கேட்கிறோம். ஆனால் ஏற்கெனவே தன்னால் எதுவும் சரியாக வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விளையாட்டும் இன்னொரு வகுப்பறையாகிவிடுகிறது. இந்த முறையில் முதலில் சொல்லித் தருவதே இதை நிறுத்தத்தான். கேள்வி கேட்கக் கூடாது, கட்டளை போடக் கூடாது, குறை சொல்லக் கூடாது. “நீலக் கட்டையை மேல வைக்கிறே. பார்த்துப் பார்த்து மெதுவா வைக்கிறே” என்று பார்த்ததைச் சொன்னால் போதும். பிள்ளை செய்வதையே நாமும் செய்யலாம். தினமும் வெறும் ஐந்து நிமிடம். சொல்லும்போது சுலபமாகத் தெரியும். செய்து பாருங்கள், இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு கேள்வி வாயில் வந்து நிற்கும்.

வீட்டாரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நம்மூருக்குப் புதிதும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1950களின் கடைசியிலிருந்தே நோயாளியோடு உறவினரையும் தங்க வைத்துச் சிகிச்சை தருகிறது.

இந்த வழியில் உள்ள சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். அம்மா அல்லது அப்பா வாரா வாரம் லீவு போட வேண்டும். வீட்டில் பாட்டி ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி நடந்தால் பலன் குறையும். அப்புறம், அம்மாவே சோர்ந்து கிடந்தால் அவரிடம் போய் இன்னொரு வேலையைக் கொடுப்பது நியாயமில்லை. அப்படி இருந்தால் முதலில் அம்மாவுக்குச் சிகிச்சை. இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. மனச்சோர்வு இருந்த 151 தாய்மார்களையும் அவர்களுடைய 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் நோய் நீங்கிய தாய்மார்களின் பிள்ளைகளிடமும் அறிகுறிகள் குறைந்திருந்தன. “உன்னாலதான் பிள்ளை இப்படி ஆச்சு” என்று அம்மாவைக் குற்றம் சொல்லும் வீடுகள் இதை அதற்கு ஆயுதமாக எடுக்கக் கூடாது. அம்மாவுக்கு டாக்டர் பார்ப்பதும் பிள்ளையின் சிகிச்சையில் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு வயதுக்கு மேல்

ஒன்பது வயதுப் பையனைச் சொப்பு சாமான் முன்னால் உட்கார வைத்தால், “நான் என்ன பாப்பாவா?” என்று அவன் முறைப்பது நியாயம்தான். இந்த வயதில் பேசியும் யோசித்தும் செய்யும் சிகிச்சை வேலை செய்யத் தொடங்குகிறது. சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை, குடும்ப சிகிச்சை இரண்டும் முன்னால் வரும். விளையாட்டு முழுவதும் போய்விடாது. கேரம் ஆடிக்கொண்டே பேசுவது, கோபத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் வரைந்து இன்றைக்கு எத்தனை டிகிரி என்று குறிப்பது என்று துணையாக நிற்கும். நடுவில் உள்ள ஐந்து முதல் எட்டு வயதுக்கு, கைப்பொம்மைகளை வைத்தே சிபிடி சொல்லித் தரும் கலப்பு முறையும் உண்டு. தெரபிஸ்டின் கரடிப் பொம்மைக்குப் பிள்ளையின் அதே கவலை இருக்கும். கரடிக்கு என்ன சொல்லலாம் என்று பிள்ளையே யோசிக்கும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி ஃபிரிஸ்டாட் ஒரு குழு முறையை உருவாக்கினார். பிள்ளைகளுக்கு ஒரு குழு, பெற்றோருக்கு ஒரு குழு. எட்டு வாரம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நோய் என்ன, மருந்து எதற்கு, பள்ளியில் எப்படிப் பேசுவது என்று இரண்டு தரப்புக்கும் கற்றுத் தருவது. மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ உள்ள 165 பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2009-ல் வெளியிட்ட முடிவுகள் நன்றாகவே இருந்தன. இங்கேயும் பெற்றோர் வெளியே உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாத்திரை

எட்டு வயதுக்குக் கீழ் மனச்சோர்வுக்கு மாத்திரை முதல் வழியல்ல. எட்டு வயதிலிருந்து ஃப்ளூவாக்ஸெடினுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு; எஸ்சிட்டலோபிராமுக்குப் பன்னிரண்டிலிருந்து. பதின்ம வயதில் நோய் கடுமையாக இருந்தால் மாத்திரையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. 12 முதல் 17 வயது வரை 439 பேரிடம் நடந்து 2004-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் ஃப்ளூவாக்ஸெடினும் சிபிடியும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மாத்திரை மட்டும் 61, சிபிடி மட்டும் 43, வெற்று மாத்திரை 35. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த மருந்துகளைத் தொடங்கும் இளையவர்களில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ 4 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு எதுவும் நடக்கவில்லை. முதல் சில வாரம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

இருமுனைக் கோளாறு என்று சந்தேகம் இருந்தால், அதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் தளராத உற்சாகம், நிற்காத பேச்சு, நிலைக்குப் பொருந்தாத பெருமிதம், அதன்பின் ஒரேயடியாகச் சரிவு என்று வந்தால், விளையாட்டு சிகிச்சையில் மாதங்களைச் செலவழிக்காதீர்கள். நேராக மனநல மருத்துவர். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு அந்த எழுச்சியையே கிளப்பிவிடும் என்பதால் நோய் இன்னதென்று தெரிவது முதல் வேலை. நோய் அடங்கிய பிறகு விளையாட்டு துணைக்கு வரலாம்.

பிள்ளை எந்த வயதாக இருந்தாலும், “நான் செத்துப் போயிடறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இங்கே கிடைப்பது எது?

நடைமுறையில் தடுமாற்றம் இங்கேதான் வரும். நம் ஊர்களில் “ப்ளே தெரபி” என்று போர்டு இருக்கும் பல மையங்கள் பேச்சுப் பயிற்சி, ஆட்டிசத்துக்கான பயிற்சி தரும் இடங்கள். அங்கே விளையாட்டு என்பது திறன் வளர்க்கும் பயிற்சி: கண் பார்த்துப் பேச, வரிசையில் காத்திருக்க, கை விரல்களைப் பழக்க. அந்தப் பிள்ளைகளுக்கு அது அவசியமானது. மனச்சோர்வு உள்ள பிள்ளைக்குத் தேவையானது அது அல்ல. ஆகவே போனில் முதல் கேள்வியே “மனச்சோர்வு உள்ள பிள்ளைகளை நீங்கள் பார்ப்பதுண்டா?” என்று இருக்கட்டும்.

அடுத்தது தகுதி. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு அறை திறப்பவர்களும் உண்டு. அப்புறம், “எங்களை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை உள்ளே கூப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். “நீங்க வெளியே இருங்க, நாங்க பார்த்துக்குறோம்” என்பது மட்டும்தான் பதில் என்றால், ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நான் வேறு இடம் தேடுவேன்.

லூபியின் முறை அப்படியே நம் ஊரில் கிடைக்க வேண்டும் என்பதில்லை. காதுக் கருவியும் கண்ணாடிச் சுவரும் இல்லாமலே, மூலையில் உட்கார்ந்து பார்த்துப் பிறகு சொல்லித் தரும் தெரபிஸ்ட் கிடைத்தால் சாரம் கிடைத்துவிட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலும் பாகாயத்திலும் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவுகள் உண்டு. அங்கே ஒரு முறை போய் நோயைத் தெளிவாகக் கண்டறிந்து, திட்டம் வாங்கிக்கொண்டு, வாராந்திர வேலையை உள்ளூரில் தொடர்வது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை மறந்துவிட வேண்டாம். கூட்டம் இருக்கும், ஆனால் நோயறிதலுக்கும் மருந்துக்கும் கட்டணம் தடையாக இருக்காது.

செலவைக் கணக்கிடும்போது ஒரு செஷனுக்குச் சொல்லும் தொகையை இருபதால் பெருக்குங்கள், போக்குவரத்தையும் அரை நாள் சம்பளத்தையும் சேருங்கள். அந்தத் தொகை தாங்காது என்றால், ஆறேழு செஷனில் நின்றுபோகும் தனிச் சிகிச்சையைவிட, மாதம் இரண்டு முறை பெற்றோருக்குச் சொல்லித் தந்து வீட்டில் தினமும் நடக்கும் விளையாட்டு மேல்.

தொடங்கும்போதே எதை வைத்து முன்னேற்றத்தைப் பார்ப்பது என்று தெரபிஸ்டோடு பேசி எழுதி வையுங்கள்: தூக்கம், சாப்பாடு, காலை வயிற்று வலி, பள்ளிக்குப் போன நாட்கள், தானாக விளையாட உட்கார்ந்த நேரம். வீட்டுக்குப் போகும் வழியில் “உள்ளே என்ன விளையாடினே, என்ன சொன்னே?” என்று பிள்ளையைத் துருவாதீர்கள். எட்டுப் பத்து செஷன் ஆனதும் அந்தத் தாளை எடுத்து வைத்துப் பேசுங்கள். ஒன்றுமே நகரவில்லை என்றால் முறையை மாற்றுவதா, மருத்துவரைச் சேர்ப்பதா என்று நேராகக் கேட்கலாம். நல்ல தெரபிஸ்ட் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மாற்றுவது என்று முடிவானாலும் அடுத்த வாரமே நிறுத்திவிட வேண்டாம். இன்னும் எத்தனை முறை வருவோம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு மூன்று செஷன் கொடுத்து, அதுவே விடைபெற்று வரட்டும். ஏற்கெனவே இழப்பில் சுருண்டிருக்கும் பிள்ளைக்குத் தெரபிஸ்ட் திடீரென்று காணாமல் போவது இன்னொரு இழப்பாகிவிடும்.